இலவசப் படகுச் சவாரியின் அடக்க விலை

"ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா?" என்று வணிகர்களைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறவனைக் கரையிலிருந்து பார்த்தவர்கள், "இதிலும் ஏதோ லாபம் இருக்கும்" என்று சும்மா நின்றார்களாம். சிரிப்பதற்குச் சொல்லும் கதைதான். ஆனால் சென்ற ஆண்டு நானும் அப்படி ஆற்றோடு போகவிருந்தேன். அந்த ஆறு வியட்நாம் நாட்டில் ஓடுகிற சைகோன் ஆறு. எப்படித் தப்பினேன், அதற்குப் பதிலாக எந்தத் தண்ணீரில் போனேன் என்பதை நம் சங்க உறுப்பினர்களுக்குச் சொன்னால் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

வந்தது அழைப்பு

கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், சோப்பு என்று எல்லாம் உண்டு. மிளகுக் காலத்தில் விவசாயிகள் கொண்டுவரும் மிளகை வாங்கி, கூடலூர் மலஞ்சரக்கு வியாபாரிக்கு அனுப்புவதும் உண்டு.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வண்ணத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். மூன்று மாதத்தில் ஐந்து லட்ச ரூபாய்க்குக் கொள்முதல் செய்தால் வியட்நாமுக்கு இலவசப் பயணம். விளக்குகள் மின்னும் ஆற்றில் மாலை நேரப் படகு, படகிலேயே சாப்பாடு, பாட்டு. "அண்ணே, உங்க பேரை எழுதிட்டேன். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்.

ஆசை வந்தது உண்மை. வருடத்தில் மே 5 வணிகர் தினம் ஒன்றுக்குத்தான் முழுநாள் கடை அடைப்போம். அன்றும் மாநாட்டுக்குப் போய்விடுவோம். பிள்ளைகளோடு ஒரு சாயங்காலம் வெளியே உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

உள்ளே இருந்து என் மனைவி கேட்டார்: "ஏங்க, டிக்கெட் எத்தனை பேருக்கு?"

ஒருவருக்கு.

பேனாவை வைத்துவிட்டு, கணக்கு நோட்டை எடுத்தேன்.

நோட்டு சொன்னது

அந்த நிறுவனத்திடம் மூன்று மாதத்துக்கு நான் வழக்கமாக எடுப்பது மூன்று லட்ச ரூபாய்ச் சரக்கு. ஆக, இலக்கை எட்ட இரண்டு லட்ச ரூபாய்க்குக் கூடுதலாக எடுக்கவேண்டும். அதுவும் எந்த மாதங்களில்? ஆடி, ஆவணி, புரட்டாசி. தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும் காலம். தோட்ட வேலை குறையும், கூலி குறையும், கடையில் கடன் நோட்டு மட்டும் தடிக்கும். பிஸ்கட் ஓதம் ஏறி நமத்துப்போகும். கூடுதல் சரக்கைத் திண்ணையில் அடுக்கலாம் என்றால், எங்கள் பக்கத்தில் இரவில் வருகிறவர் யானையார். அவர் பில் கேட்கமாட்டார்.

நோட்டில் எழுதிய கணக்கு இது:

கூடுதல் சரக்குக்கு முதல் இரண்டு லட்சம், மாதம் இரண்டு வட்டி, மூன்று மாதத்துக்கு - ரூ. 12,000

தேங்கும் சரக்கைத் தள்ளி விற்பதிலும், காலாவதியாகிக் கொட்டுவதிலும் இரண்டு லட்சத்தில் 15 சதவீத நட்டம் - ரூ. 30,000

பயணத்தின் மதிப்பு ரூ. 50,000 என்று வைத்து, அதன்மேல் 10 சதவீத வரிப் பிடித்தம் - ரூ. 5,000

பாஸ்போர்ட், துணிமணி, பெட்டி, அங்கே கைச்செலவு - ரூ. 10,000

கூட்டினால் ரூ. 57,000. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பயணத்தை ஐம்பத்தேழாயிரம் கொடுத்து வாங்கி, அதற்கு "இலவசம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். கடை அடைத்த நாட்களின் நட்டத்தை இதில் சேர்க்கவே இல்லை.

"கூடுதல் சரக்கை விற்றால் லாபம் வருமே" என்று கேட்கலாம். வரும். ஆனால் ஸ்ரீமதுரையில் சோப்புப் போட்டுக் குளிக்கிறவர்கள் ஸ்கீம் வந்ததற்காக இரண்டு தடவை குளிக்கப்போவதில்லை. இந்த மூன்று மாதத்தில் அதிகம் விற்றால், அது அடுத்த மூன்று மாத வியாபாரத்தை முன்கூட்டி எடுத்ததுதான்.

வரி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வியாபாரத்தின் பேரில் ஒருவருக்கு ஓராண்டில் ரூ. 20,000-க்கு மேல் பரிசோ பயணமோ கொடுத்தால், அதன்மேல் 10 சதவீதம் வருமான வரி பிடிக்கவேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. இலக்கை எட்டியதற்காகத் தரும் சுற்றுலாவும் இதில் அடங்கும். பிடித்த வரியைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பயணத்தின் மதிப்பு நம் வருமானத்தில் சேரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஆசையைக் கிளப்பிவிட்டு அப்படியே விட்டால் வீட்டில் நியாயம் இல்லை. "அந்த ஆறு வேண்டாம். நம் மிளகு போகிற தண்ணீரைப் பார்த்து வருவோம்" என்று டிசம்பரில், மிளகு பறிப்பு மும்முரமாகும் முன், ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டினேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர். போன ஊர் கொச்சி.

பத்து ரூபாய்க்குள் ஒரு படகு

விடியற்காலையில் கூடலூரில் பஸ் ஏறினோம். நாடுகாணி இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர், திருச்சூர் வழியாக மதியத்துக்கு மேல் எர்ணாகுளம். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, நான்கு மணிக்குப் படகுத் துறைக்குப் போனோம்.

எர்ணாகுளத்தில் படகு என்றால் மூன்று வகை. மரைன் டிரைவில் நிற்கும் தனியார் உல்லாசப் படகுகள் ஒன்று. அங்கே விலை பேசவேண்டும். இரண்டாவது, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு. வேலைக்குப் போகிறவர்களும், மீன் கூடைக்காரம்மாக்களும், பள்ளிப் பிள்ளைகளும் போகிற சாதாரணப் படகு. மூன்றாவது, 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய, பாட்டரியில் ஓடுகிற குளிர்சாதனப் படகு.

போகும்போது அரசுப் படகில் ஃபோர்ட் கொச்சிக்குப் போனோம். நாங்கள் போன அன்று தலைக்குப் பத்து ரூபாய்க்குள்தான் டிக்கெட். இடது பக்கம் வில்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் காலத்தில் உருவாக்கிய நிலம் அது. வலது பக்கம் 2011-ல் திறந்த வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் பெரிய கிரேன்கள். "நம்ம மிளகு மூட்டை இதுல ஏறுமாப்பா?" என்று மகன் கேட்டான். ஏறும் என்றேன்.

ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளைப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் போனோம். பழைய கிடங்குகள், சுக்கும் மிளகும் கலந்த வாசனை. 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்த ஊர் இது. இங்கே பேசிய விலையைக் கேட்டுத்தான் எங்கள் மலையில் மிளகுக்கு விலை சொல்வார்கள்.

இப்போது அந்த விலையில் சைகோனுக்கும் பங்கு உண்டு என்பது மிளகு வாங்கும் நம்மவர்களுக்குத் தெரியும். உலகில் அதிகம் மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு வியட்நாம்தான். 2016-ஐ ஒட்டிக் கிலோ 700 ரூபாய் அளவில் இருந்த நம் மிளகு, 2018, 2019-ல் ஏறத்தாழ பாதி விலைக்கு வந்தபோது, மலிவான இறக்குமதி மிளகும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் வரம்பு வைத்ததும் அதனால்தான். அந்த ஊர் ஆற்றில் இலவசமாகப் போக நினைத்தவனுக்கு, தன் ஊர் மிளகு போகும் வழி அதுவரை தெரியாது.

அம்மா சொன்னது

திரும்பும்போது வாட்டர் மெட்ரோ. ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஹைகோர்ட் முனையம் வரை தலைக்கு 40 ரூபாய். சூரியன் கடலில் இறங்கும் நேரம். இயந்திரச் சத்தம் அதிகம் இல்லை, புகை இல்லை. எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. வண்ணத்தாளில் பார்த்த காட்சிதான். சாப்பாடும் பாட்டும் மட்டும் இல்லை. மகள் பையிலிருந்து வீட்டு முறுக்கை எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா ஜன்னல் ஓரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1964 சிறீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர் வந்தவர். அதற்குப் பிறகு அவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை. ஹைகோர்ட் முனையம் நெருங்கும்போது சொன்னார்: "அன்னிக்கு மூட்டையைப் பார்த்துக்கிட்டே வந்தேன் தம்பி. தண்ணியைப் பார்க்கவே இல்ல."

ஒருவருக்கு மட்டும் என்ற டிக்கெட்டில் நான் சைகோன் போயிருந்தால், இந்த வார்த்தையைக் கேட்டிருக்க மாட்டேன்.

ஐந்து பேருக்கும் மொத்தச் செலவு: பஸ் 3,500, இரண்டு அறை 2,000, சாப்பாடு 2,000, படகு இரண்டும் சேர்த்து 250-க்குள், ஆட்டோவும் சில்லரைச் செலவும் 750. ஆக ரூ. 8,500. கடை அடைத்தது ஒன்றரை நாள்.

மலிவு வேறு, மட்டம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைந்த செலவு என்பதற்காக எந்தப் படகிலும் ஏறிவிடக் கூடாது. நாங்கள் போன வழிக்கு வெகுதூரம் இல்லாத தானூரில், மலப்புரம் மாவட்டத்தில், 2023 மே 7 மாலை ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் ஓட்டியதாகச் செய்திகள் வந்தன.

ஏறும் முன் மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா? அதற்குமேல் ஏற்றுகிறார்களா? உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? கூட்டம் அதிகமாக இருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். ஃபோர்ட் கொச்சியில் சனி, ஞாயிறு மாலைகளில் வரிசை நீளும். வார நாளில் போவது நல்லது.

சைகோன் போகிறவர்களுக்கு

ஸ்கீம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வழக்கமான வியாபாரமே இலக்கை எட்டுகிறது என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். ஹோ சி மின் நகரம் என்று இப்போது பெயர் பெற்ற சைகோனில், ஒரு காலத்தில் நம் நகரத்தார் லேவாதேவி நடத்தினார்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு இன்றும் வியட்நாம் மக்கள் ஊதுவத்தியோடு வருகிறார்கள். அங்கேயும் நம் கொச்சி போலவே மலிவான படகு உண்டு. 2017-ல் தொடங்கிய சைகோன் வாட்டர்பஸ், பாக் டாங் துறையிலிருந்து புறப்படும். தொடங்கியபோது டிக்கெட் 15,000 டாங், நம் பணத்தில் 50 ரூபாயை ஒட்டி. சாப்பாட்டுப் படகுக்குப் பல மடங்கு கொடுக்கிறவர் பார்ப்பதும் அதே ஆறு, அதே விளக்குகள்தான். 2023 ஆகஸ்டில் கொச்சியிலிருந்து அந்த நகருக்கு நேரடி விமானமும் தொடங்கியது. சொந்தக் காசில் போகிறவர் யாருக்கும் இலக்குக் காட்டவேண்டியதில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் சீட்டுப் போல் கட்டினால், வருடத்தில் பன்னிரண்டாயிரம் ஆகும். ஒரு குடும்பம் கொச்சி போய்வர அது தாராளம். எல்லோரும் ஒரே நாளில் கடை அடைத்தால், "அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே" என்ற பயமும் இருக்காது.

ஆதாயம் இல்லாமல் நாம் ஆற்றோடு போகவேண்டாம். ஆனால் எது ஆதாயம் என்பதை நிறுவனத்தின் வண்ணத்தாள் சொல்லக் கூடாது. நம் நோட்டுதான் சொல்லவேண்டும். என் நோட்டில் அந்த ரூ. 8,500-ஐச் செலவுப் பக்கத்தில்தான் எழுதினேன். மனைவி பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி அதை அடித்து, வரவுப் பக்கத்தில் எழுதினார். நான் திருத்தவில்லை.