பலர் கூடிச் செய்யும் தொண்டு

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டும் அன்று. ஒரு வீட்டில் இழவு நேர்ந்தால் அடுத்த வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு வீட்டில் மணம் நிகழ்ந்தால் தெரு முழுவதும் தோரணம் கட்டும். இத்தகைய உறவே ஊரை ஊராக்குகின்றது. பழைய ஊர்களில் இவ்வுறவு பல தலைமுறைகளாக வேரூன்றி வளர்ந்துள்ளது. ஆனால், புதிதாகத் தோன்றிய நகரில், முன்பின் அறியாத மக்களிடையே அவ்வுறவு எவ்வாறு உண்டாகும்? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர் நெய்வேலி நகரை நோக்கலாம்.

நகரின் தோற்றம்

நெய்வேலி இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளது. 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். அப்பொழுது நீருடன் கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. மறு ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962இல் அந்நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் ஆக்கப்பட்டது.

சுரங்கத்திற்காகவும் நகரத்திற்காகவும் சுற்றிலுமிருந்த சிற்றூர்களின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாட்டன் உழுத நிலத்தை விட்டு, மாட்டையும் கலப்பையையும் ஓட்டிக்கொண்டு வேற்றிடம் சென்ற குடும்பங்கள் பல. அதே காலத்தில் பொறியாளரும், எந்திரம் இயக்குவோரும், ஆசிரியரும், மருத்துவரும், வணிகரும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து குடியேறினர். நகரம் எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்டது. நேரிய சாலைகளும் நிழல் மரங்களும் அமைந்தன. பதவிக்கு ஏற்ப வீடுகள் ஒதுக்கப்பட்டன. எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் குறைந்தது. அடுத்த வீட்டாருக்கு அடுத்த வீட்டார் புதியவர். நகரத்தாருக்குச் சிற்றூரார் புதியவர். இந்த இடைவெளியை நிரப்பும் பணிக்குத் துணையாவனவற்றுள் ஒன்றே தொண்டுச் சங்கம்.

ஒப்புரவு

பொதுத்தொண்டு தமிழர்க்குப் புதியது அன்று. கோடையில் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். தலைச்சுமையோடு நடப்போர் இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டனர். ஊரார்க்கு உதவி வாழும் கடமையை வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்னும் அதிகாரத்தில் விளக்குகின்றார். உலகம் விரும்ப வாழும் பேரறிவாளன் பெற்ற செல்வத்தை, ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்ததற்கு அவர் ஒப்பிடுகின்றார். குளத்து நீர் ஒருவர்க்கு மட்டும் உரியது அன்று; குளமும் தன் நீரை எண்ணிக் கொடுப்பதில்லை.

நெய்வேலிக்கு அண்மையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அதற்கு வேண்டிய எண்பது காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தனர். பசித்து வருவோர்க்குச் சாதி, சமயம் பாராது உணவு அளிப்பதே அச்சாலையின் பணி. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. ஒரு பெரியாரின் அருளுள்ளமும் ஓர் ஊராரின் ஈகையும் ஒன்றுகூடிய இடம் அது. தனியொருவர் தொண்டு சிறந்ததே. எனினும் பலர் கூடிச் செய்யும் தொண்டே தலைமுறை கடந்து நிற்கும் என்பதை அவ்வடுப்பு உணர்த்துகின்றது.

சங்கங்களின் வரலாறு

இக்காலத் தொண்டுச் சங்கங்கள் அமெரிக்க நாட்டில் தோன்றியவை. சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். பெருநகரில் நண்பரின்றித் தனிமையுற்ற அவர், 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் வேறு மூவருடன் கூடி ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினரின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியமையால் அது ‘ரோட்டரி’ எனப் பெயர் பெற்றது. நட்புக்காகத் தோன்றிய அச்சங்கம் விரைவில் பொதுப்பணியில் இறங்கியது. சிகாகோ நகர மக்களுக்குப் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று அது 1907இல் முயற்சி தொடங்கியது. தொண்டின் முதற்பணி பளிங்கு மண்டபம் அன்று, கழிப்பிடம் என்பது எண்ணத்தக்கது. இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் 1919இல் கல்கத்தாவிலும், பின்னர் 1929இல் சென்னையிலும் தோன்றின.

1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் அதே சிகாகோவில் அரிமா சங்கம் உருவாயிற்று. 1925இல் அச்சங்கத்தாரின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றினார். பார்வையும் செவிப்புலனும் இழந்த அப்பெருமாட்டி, பார்வையற்றோரின் இருளை அகற்றும் பணியை மேற்கொள்ளுமாறு அவர்களை வேண்டினார். அன்று முதல் கண்ணொளிப் பணி அரிமா சங்கங்களின் சிறப்புப் பணியாயிற்று. இந்தியாவில் அரிமா சங்கம் 1956இல் பம்பாயில் தொடங்கியது; நெய்வேலி நிறுவனம் பிறந்ததும் அவ்வாண்டே. பின்னாளில் நெய்வேலியிலும் ரோட்டரி, அரிமா சங்கங்கள் அமைந்தன.

ஒரு சக்கரத்தின் பல வாளிகள்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் அகழும் பேரெந்திரம் ஒன்று உண்டு. அதன் பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பல பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு வாளியும் தன் முறை வரும்போது தன்னால் இயன்ற மண்ணை அள்ளும். வாளி ஒன்று மலையைப் பெயர்க்க இயலாது. சக்கரம் சுழன்றால் மலையும் பெயரும். தொண்டுச் சங்கமும் அத்தகையது. மருத்துவர் தம் அறிவையும், பொறியாளர் தம் திறமையையும், வணிகர் தம் பொருளையும், ஆசிரியர் தம் சொல்வன்மையையும் தருகின்றனர். பணம் மிகுதியாக இல்லாதவரும் ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் தரலாம்.

ரோட்டரி சங்கத்தின் சின்னமும் ஒரு பற்சக்கரமே. முதலில் அச்சக்கரத்தின் நடுவே, அதனை அச்சுடன் பிணைக்கும் காடி வரையப்படவில்லை. காடி இல்லாச் சக்கரம் வீணே சுற்றுமன்றி வேலை செய்யாது எனப் பொறியியல் அறிந்தோர் குறை கூறினர். பின்னர்க் காடி சேர்க்கப்பட்டது. கூட்டம் கூடுவதும் உரை நிகழ்த்துவதும் சக்கரம் சுற்றுவதைப் போன்றவை. அவை மக்களின் தேவையோடு பிணைக்கப்பட்டால்தான் பணி நடக்கும்.

இச்சங்கங்களில் தலைமைப் பதவி ஓராண்டுக்கே உரியது. ஜூலை முதல் நாளில் புதியவர் பொறுப்பேற்பார். முன்னவர் மீண்டும் உறுப்பினர் வரிசையில் அமர்வார். அலுவலகத்தில் மேலதிகாரியாய் இருப்பவர் சங்கத்தில் நாற்காலி எடுத்துப் போடுவதும், சிறு வணிகர் தலைமை தாங்குவதும் இயல்பாகும். முற்காலத்தில் ஆடவர்க்கே இடமளித்த இச்சங்கங்கள், 1980களின் இறுதியில் மகளிர்க்கும் தம் கதவைத் திறந்தன. மாணவர்க்கென அரிமா சங்கத்தார் 1957இல் ‘லியோ’ மன்றங்களையும், ரோட்டரி சங்கத்தார் 1962இல் ‘இண்டராக்ட்’ மன்றங்களையும் தொடங்கினர்.

கண்ணொளி முகாம்

தொண்டுச் சங்கங்கள் நடத்தும் பணிகளுள் கண் மருத்துவ முகாம் முதன்மையானது. முதுமையில் கண்ணின் உள்ளேயுள்ள வில்லை ஒளி ஊடுருவாதபடி மங்குவதுண்டு. இதுவே கண்புரை. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பார்வை மீளும். மருந்துண்டு, மருத்துவர் உண்டு. ஆயினும் சிற்றூரில் வாழும் மூதாட்டிக்கு அவை எட்டாத் தொலைவில் உள்ளன. பார்வை மங்குவது முதுமையின் இயல்பு என எண்ணி, அவர் சுவரைத் தடவித் தடவியே நாள்களைக் கழிக்கின்றார்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயினால் விரல்கள் கோணியிருந்தும் அறுவைக் கலையில் தேர்ந்தவர் அவர். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அவர் இதனைத் தொடங்கினார். அரிமா, ரோட்டரி முதலிய சங்கங்கள் அம்மருத்துவமனையின் முகாம்களை ஏற்று நடத்தத் துணை நின்றன. நெய்வேலிக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும் 2003இல் அதன் மருத்துவமனை ஒன்று அமைந்தது.

முகாமில் மருத்துவர் செய்யும் பணி ஒரு பாதி. சங்கத்தார் செய்யும் பணி மறு பாதி. ஊர் ஊராகச் சென்று செய்தி அறிவித்தல், பள்ளிக்கூடத்தில் இடம் பெறுதல், வந்தவர்க்குக் குடிநீரும் உணவும் அளித்தல், வரிசைப்படுத்திப் பெயர் எழுதுதல் ஆகியவை சங்கத்தாரின் கடமைகள். அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அனுப்பி, மீண்டும் ஊரில் சேர்த்தலும் அவற்றுள் அடங்கும்.

இப்பணியில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அறுவை இலவசம் என்று அறிவித்த பின்னரும், தேவையுள்ளோர் பலர் வரவில்லை. ஏன் என ஆராய்ந்தபோது காரணங்கள் புலனாயின. பேருந்துக் கட்டணம் இல்லை. உடன் வர ஆள் இல்லை. வந்தால் துணை வருபவரின் கூலி போகும். கத்தி என்றால் அச்சம். போக்குவரவுக்கும் உணவுக்கும் ஏற்பாடு செய்தபோது வருவோர் தொகை பெருகியது. முன்னரே பார்வை பெற்ற ஒருவர் அச்சத்தைப் போக்கிய அளவுக்கு அறிவிப்புத் தாள்கள் போக்கவில்லை. கொடுப்போர் விரும்புவதைக் கொடுத்தல் ஈகை. பெறுவோர்க்குத் தடையாக நிற்பதை அறிந்து நீக்குதலே தொண்டு.

இறுதிக் குழந்தை வரை

இளம்பிள்ளை வாதம் என்னும் கொடுநோய் குழந்தைகளின் கால்களை முடமாக்கி வந்தது. அதன் கிருமி குடலில் பெருகி, மாசுற்ற நீர் வழியாகப் பரவும். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு மருந்தளித்து அமைதி கொள்ள இயலாது. எஞ்சிய சிலரிடம் கிருமி வாழ்ந்து மீண்டும் பரவும். ரோட்டரி சங்கம் 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் இந்நோய்க்கு எதிரான பணியைத் தொடங்கி, 1985இல் அதனை உலகப் பணியாக விரித்தது. இந்தியாவில் 1995 முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து அளிக்கும் திட்டம் நடைபெற்றது. அரசு ஊழியரோடு சங்க உறுப்பினரும் மருந்து மையங்களில் அமர்ந்தனர். மருந்துண்ட குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை இட்டனர். விடுபட்ட வீடுகளைத் தேடிச் சென்றனர்.

இம்மருந்து குளிர்ச்சியில் இருத்தல் வேண்டும். குப்பியின் மேல் வட்டத்துள் ஒரு சிறு சதுரம் இருக்கும். வெப்பம் பட்டால் அச்சதுரம் கருமையுறும். கருத்த மருந்தைக் கொடுத்தல் கூடாது. அச்சிறு சதுரத்தை நோக்கத் தவறிய தொண்டு பயனற்றதாகும். நல்ல மனம் மட்டும் போதாது, நுண்ணிய கவனமும் வேண்டும்.

2009இல் இந்தியாவில் 741 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். அது உலகின் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. 2010இல் அத்தொகை 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு குழந்தைக்கு நேர்ந்ததே இறுதி நிகழ்ச்சி. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்ட நாடெனச் சான்று பெற்றது. பல இலட்சம் பேர் கூடிய பணி அது. எவர் பெயரும் தனித்து நிற்கவில்லை.

ஓயாத பணி

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தமுள்ள நிலத்தடி நீர் நிறைந்துள்ளது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிலைக்கும். நீரிறைக்கும் எந்திரங்களைக் காண எவரும் வருவதில்லை. அவை நின்றால் சுரங்கமே நின்றுவிடும். தொண்டின் இயல்பும் இதுவே. முகாம் நாளில் மேடையும் மாலையும் இருக்கலாம், படமும் எடுக்கலாம். ஆனால், அறுவை முடிந்த மூதாட்டியை ஒரு திங்கள் கழித்துச் சென்று கண்டு, சொட்டு மருந்து தவறாமல் இட்டாரா, ஊசியில் நூல் கோக்க முடிகின்றதா எனக் கேட்பவரே தொண்டர்.

நகரின் விளக்குகள் எரிவதற்குச் சிற்றூரார் தம் நிலத்தை இழந்தனர். அச்சிற்றூரில் ஒருவரது கண்விளக்கு மங்காதபடி காப்பது நகரத்தாரின் பெருந்தன்மை அன்று, கடமை. அதனை உணர்ந்து, தம் கைக்கு எட்டிய அளவு அள்ளிக் கொடுக்கப் பலர் ஒன்றுகூடும்போது எண்ணிட்ட வட்டங்களும் ஊராகின்றன.