கழுத்தில் பிறந்து முதுகுக்கு இறங்கிய எலும்பு

கருவுக்கு ஐந்தாவது வாரம். கை என்பது ஒரு சின்ன மொட்டாகத் துளிர்க்கும் நேரம். பின்னாளில் முதுகில் தெரியப்போகும் தோள்பட்டை எலும்பு அப்போது கழுத்துக்குப் பக்கத்தில் உருவாகத் தொடங்குகிறது. ஒன்பதாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் அது மெல்லக் கீழே இறங்கி, இரண்டாம் விலா எலும்பு முதல் ஏழாம் விலா எலும்பு வரையான இடத்தில் வந்து அமர்கிறது. அரிதாகச் சில குழந்தைகளுக்கு இந்த இறக்கம் பாதியில் நின்று, ஒரு தோள் உயர்ந்தே இருந்துவிடும். 1891-ல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஓட்டோ ஸ்பிரெங்கலின் பெயரால் இன்றும் இதை அழைக்கிறார்கள். மற்றபடி கோடானுகோடி சிசுக்களுக்கு, தாய்க்கே தெரியாமல், அந்தப் பயணம் பிசகின்றி நடந்து முடிகிறது. படைத்தவனின் கைவேலையை வியக்க வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை.

இறங்கி வந்த எலும்பு, பிறந்த இடத்து உறவை அறுத்துக்கொள்ளவில்லை. அதைச் சுற்றியுள்ள தசைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டளை இன்னும் கழுத்து நரம்புகள் வழியாகவே வருகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதி டிஸ்க் ஒன்று பிதுங்கினால், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் குடைவது இதனால்தான். நாம் தைலம் தேய்ப்பது ஓரிடத்தில், கோளாறு இருப்பது ஒரு சாண் மேலே. ‘வாய்வுப் பிடிப்பு’ என்று சொல்லிப் பூண்டு தின்று காத்திருப்பவர்கள் பலருக்கும் உண்மையில் இருப்பது கழுத்துப் பிரச்சினை.

இந்த எலும்பு உடம்போடு இணைந்திருக்கும் விதம் இன்னும் விந்தை. நடு உடம்போடு எலும்பாக அதற்குள்ள ஒரே பிடிப்பு காறை எலும்பின் நுனி. விலா எலும்புகளின் மேல் அது மூட்டு எதுவும் இல்லாமல் தசைகளிலேயே மிதக்கிறது. பதினேழு தசைகள் அதில் வந்து சேர்கின்றன. பிடரியிலிருந்து நடுமுதுகின் கடைசிவரை விரிந்திருக்கும் டிரப்பீசியஸ், கழுத்திலிருந்து பட்டையின் மேல்மூலைக்கு வரும் லெவேட்டர் ஸ்கேப்புலே, முதுகெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே சாய்ந்து கிடக்கும் ராம்பாய்டுகள், விலாவிலிருந்து ரம்பப் பற்களைப் போலக் கிளம்பிப் பட்டைக்கு அடியில் நுழையும் செரட்டஸ்.

இத்தனையும் எதற்கு? கோயிலில் தீபாராதனையின்போது கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறோமே, அந்த 180 பாகை உயரத்தில் ஏறத்தாழ 120 பாகைதான் தோள் மூட்டின் உழைப்பு. மீதி 60 பாகை, பட்டையே முதுகில் சுழன்று தருவது. பாஸ்டன் அறுவை மருத்துவர் கோட்மன் 1934-ல் இந்த ஒத்திசைவுக்குத் ‘தாளம்’ என்றே பெயர் வைத்தார். பொருத்தமான பெயர். டிரப்பீசியஸின் மேல்பகுதி பட்டையின் வெளிமுனையை மேலே தூக்க, அதன் கீழ்ப்பகுதி உள்முனையைக் கீழே இழுக்க, செரட்டஸ் அடிமூலையை வெளியே கொண்டுபோகிறது. எதிரெதிரே உட்கார்ந்து இருவர் திருகை சுற்றுவது போலத்தான். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளினால்தான் கல் சுழலும். தோள் குழி மிக ஆழமற்றது. புயத்தெலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது தாங்குவதில்லை. கை எந்தப் பக்கம் போனாலும் அந்தக் குழியும் கூடவே திரும்பிப் போய் நிற்பதால்தான் உருண்டை நழுவாமல் இருக்கிறது.

அசைவதற்கென்றே அமைந்த இந்த அற்புதத்தை நாம் மணிக்கணக்கில் அசையாமல் நிறுத்தி வைக்கிறோம். 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க மருத்துவர், தலையை 60 பாகை தாழ்த்தினால் கழுத்துக்கு ஏறும் பாரம் ஏறத்தாழ 27 கிலோ என்று கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் கிடைத்த எண். அதைச் சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. குனிவது பாவமல்ல, குனிந்தே கிடப்பதுதான் வினை. லேசான வேலையானாலும் தசையிலுள்ள சிறிய இழைகள் சில முதலில் வேலைக்கு வந்து கடைசியில்தான் ஓய்வுக்குப் போகின்றன என்றொரு கருதுகோள் உண்டு. 1991-ல் ஸ்வீடன் ஆய்வாளர் ஹேக், எல்லோருக்கும் முன் எழுந்து கடைசியில் படுக்கும் கதைப் பெண்ணை நினைத்து அதற்கு ‘சின்ட்ரெல்லா’ என்று பெயரிட்டார். நம் வீட்டுப் பெண்களைப் பார்த்திருந்தால் அவருக்குக் கதைப்புத்தகம் தேவைப்பட்டிருக்காது. மவுஸைப் பிடித்து உட்கார்ந்திருப்பவருக்கும் தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கும் பிடரியில் கல்லாய் இறுகுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே முதல் மருந்து அசைவு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தோள்களைக் காதுவரை தூக்கி மெல்ல விடுங்கள். இரண்டு பட்டைகளையும் பின்னால் நெருக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை போதும். நிலைக்கதவின் சட்டங்களில் முன்கைகளை ஊன்றி ஓரடி முன்னே வைத்தால், தோளை முன்னுக்கு இழுக்கும் மார்புத் தசை தளரும். வலிக்கும் இடம் முதுகாக இருந்தாலும் மார்பை நீட்டுவது பலருக்கு இதம் தருகிறது. செரட்டஸைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்காமல், சுவரைத் தள்ளுங்கள். பட்டைகள் விலாவைச் சுற்றி முன்னால் வழுக்கிப் போவது தெரியும். பட்டையின் மேல்மூலையில் கையில் தட்டுப்படும் முடிச்சுக்கு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து மெதுவாக உருட்டலாம். வெந்நீர் ஒத்தடம் கால் மணி நேரம். இரண்டு தலையணை போடுகிறவர்கள் ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. ஒரே வெட்டுத் திருகில் அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. உதரவிதானத்தின் நரம்பும் கழுத்திலிருந்தே புறப்படுகிறது. அதனால் உதரவிதானத்தை உறுத்தும் பித்தப்பையின் வேதனை வலது தோளில் பேசலாம். இதயத்தின் வேதனை இடது தோளுக்கும் கைக்கும் பரவலாம், முதுகிலும் தெரியலாம். வலியோடு மூச்சுத் திணறலோ, வியர்வையோ, நெஞ்சு அழுத்தமோ இருந்தால் தைலத்தைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். கையில் மரமரப்பு, பிடி தளர்தல், காய்ச்சல், இரவில் தூங்கவிடாத வலி, வாரங்கள் கடந்தும் குறையாத வலி என்றால் பயிற்சிகளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.