மருந்தும் மணிக்கூடும்

வள்ளுவப் பெருந்தகை தம் நூலிலே 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிசெய்பவரையும் நான்காவதாக எண்ணினார். அந்த நான்காமவரின் அருமையை நன்கு உணர்த்தும் நோய்களுள் ஒன்று, நடுக்குவாதம் எனப்படும் பாக்கின்சன் நோய்.

1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். கைநடுக்கம், உடல் விறைப்பு, நடைத் தளர்ச்சி ஆகியன இதன் முக்கிய குறிகள். மூளையிலே டோபமின் என்னும் பொருளை ஆக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிவதால் இவை தோன்றுகின்றன. டோபமினை நேரே கொடுத்தால் அது மூளைக்குட் புகாது. புகுந்தபின் டோபமினாக மாறவல்ல பொருளே லெவோடோபா. நம் கிராமத்து வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து இதனை 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு அறிஞர்கள் பிரித்தெடுத்தனர் என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

எனினும் பொருள் கிடைத்த உடனே நோய் வசப்படவில்லை. 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்னும் வைத்தியர், சிற்றளவிலே தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தபோதே இம்மருந்தின் முழுப்பயன் வெளிப்பட்டது. அளவும் முறையும் தவறினால் அமுதமும் பயன்படாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? இன்று, மூளையை அடையுமுன்னே அது வீணாகாதபடி கார்பிடோபா முதலிய துணைமருந்தையும் கலந்தே குளிசையாக்குகின்றனர்.

முதலாவது கவனம் நேரம். ஒரு வேளைக் குளிசையின் பலன் சில மணி நேரமே நிற்பதால், குறித்த நேரம் பிந்தினால் நடந்து வந்த பெரியவர் நடுவழியில் அசையாது நின்றுவிடக்கூடும். ஒரு வேளை தவறிற்று என்று அடுத்த வேளைக்கு இரண்டாக விழுங்குதல் ஆகாது. இரண்டாவது உணவு. பருப்பு, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள புரதம் இம்மருந்தோடு போட்டியிட்டு அதன் வழியைத் தடுக்கும். ஆதலால் உணவுக்கு அரை மணி முன்னரோ ஒரு மணி பின்னரோ உட்கொள்ளுதல் நலம். குமட்டினால் ஒரு விசுக்கோத்தோடு கொடுக்கலாம். இரும்புச்சத்துக் குளிசையை இரண்டு மணி நேரமேனும் விலக்கிக் கொடுக்க வேண்டும். கந்தசஷ்டி முதலிய விரத நாட்களில் உணவை விடுவோர் மருந்தை விடலாகாது. வைத்தியரிடம் முன்னரே கேட்டறிக.

மூன்றாவது, திடீரென நிறுத்தாமை. அவ்வாறு நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் மயக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்து கிடையாமல் இந்நாட்டு மக்கள் பட்ட பாட்டை நாம் மறந்தோமில்லை. கடைசிக் குளிசை வரை காத்திராது, முன்கூட்டியே அடுத்த மாத மருந்தைப் பெற்று வைத்தல் அறிவுடைமை.

ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பல. அன்பு மிகுதியால் பிள்ளைகள் அனுப்பும் மருந்தும், காலி வீதிப் பாமசியில் வாங்கும் மருந்தும் பெயரால் வேறாயினும் பொருளால் ஒன்றாயிருக்கக் கூடும். இரண்டையும் உட்கொண்டால் அளவு இரட்டிக்கும். 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வாணிபப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப் பெயரையே வழங்கவேண்டும் என வலியுறுத்தினார். அப்பொதுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் உறையிலே பார்த்தல் நம் வழக்கமாகட்டும். பூனைக்காலிச் சூரணத்தை வைத்தியருக்குச் சொல்லாமற் சேர்ப்பதும் இத்தகைய தவறே. அதிலும் லெவோடோபா உண்டு.

வேறு நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளும் இடர் செய்யும். வாந்திக்குரிய மெற்றோகுளோப்பிரமைட்டு, தலைச்சுற்றுக்குரிய சின்னரிசின், மனக் குழப்பத்துக்குரிய ஹலோபெரிடோல் ஆகியன நடுக்கத்தையும் விறைப்பையும் மிகுவிக்கும். செலெஜிலின் அல்லது ரசாஜிலின் உட்கொள்வோர், டெக்ஸ்ட்ரோமெதோர்பான் அடங்கிய இருமல் மருந்தையும் சில நோவு மருந்துகளையும் தவிர்த்தல் வேண்டும். எனவே எந்த வைத்தியரிடம் சென்றாலும், சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் தங்கினாலும், முழு மருந்துப் பட்டியலையும் வேளைகளையும் காட்டுக.

படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றி விழாதபடி சற்று அமர்ந்து எழுதல் நன்று. சிறுநீர் கருமை கலந்திருந்தால் பெரும்பாலும் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றினாலோ, சிக்கனமாக வாழ்ந்தவர் திடீரெனச் சூதிலும் வீண்செலவிலும் இறங்கினாலோ, அது மருந்தின் விளைவாயிருக்கலாம். பெரியவரைக் கடிந்துகொள்ளாமலும், நூல் கட்டுவதோடு நின்றுவிடாமலும் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலே இந்நோயுற்ற பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின், மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மணிக்கூட்டின் அருகே ஒட்டி வையுங்கள். மணி அடிக்கும்போது ஒரு கிண்ணம் நீரோடு சென்று குளிசையைக் கொடுங்கள். வள்ளுவர் எண்ணிய நான்காமவர் நீங்களே.