பனிக்கட்டியைத் துளைக்கும் விசைத் துறப்பணம்

உறைந்துபோன ஏரியின் நடுவே ஒருவர் நிற்கிறார். கையில் ஒரு யந்திரம். காலுக்குக் கீழே 2 அடி கனத்துக்குப் பனிக்கட்டி. அதற்கும் கீழே தண்ணீர். தண்ணீரில் மீன்!

யந்திரத்தை முடுக்குகிறார். திருகு போல வளைந்து வளைந்து இறங்கும் இரும்புத் தண்டு பனிக்கட்டிக்குள் புகுகிறது. தூள் தூளாகப் பனி மேலே வந்து குவிகிறது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குபுக்கென்று தண்ணீர் மேலே வருகிறது. 8 அங்குல அகலத்தில் ஒரு குட்டிக் கிணறு தயார்!

அந்தக் கிணற்றில் தூண்டிலை இறக்கிவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் வட பகுதியில் மின்னெசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் இது அன்றாடக் காட்சி. மின்னெசோட்டாவில் மட்டும் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் 11,842 இருக்கின்றன. குளிர்காலம் வந்தால் அவை உறைந்து கிடக்கும். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க மனமில்லாதவர்கள் தூண்டிலும் துறப்பணமுமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஏரியே உறைந்துவிட்டால் மீன் செத்துப் போகாதா என்று கேட்கலாம். போகாது. தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. 4 டிகிரி சென்டிகிரேடில்தான் அது மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். ஆகவே ஏரி மேலிருந்து கீழாகத்தான் உறைகிறது. மேலே உறைந்த கட்டியே கம்பளி போல மூடிக் காக்கிறது. அடியில் மீன்கள் சுகமாக இருக்கின்றன. ஆனால் சோம்பிக் கிடக்கின்றன. இரையைத் தேடி அதிகம் அலைவதில்லை. மீன் வரும் என்று காத்திருப்பதைவிட, மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதே மேல். அதற்கு ஓர் ஓட்டை போதாது. பத்து, இருபது ஓட்டைகள் போட்டுப் பார்க்க வேண்டும்.

யந்திரத்தின் தேவை இங்கேதான் வருகிறது.

முன் காலத்தில் கடப்பாரையால் குத்தித்தான் ஓட்டை போட்டார்கள். பிறகு கையால் சுற்றும் துறப்பணம் வந்தது. மெல்லிய கட்டிக்கு அது இன்றும் நல்ல கருவிதான். கனம் ஓர் அடியைத் தாண்டினால் தோள் கழன்றுவிடும். அதோடு வியர்த்துவிடும். கடுங்குளிரில் வியர்ப்பது நல்லதல்ல. உள்ளாடை நனைந்து, உட்கார்ந்த பிறகு உடம்பு நடுங்கத் தொடங்கும்.

எத்தனை அங்குலம்?

விசைத் துறப்பணம் வாங்கப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஓட்டையின் அகலம். கடைகளில் 6, 8, 10 அங்குல அளவுகள் கிடைக்கின்றன. அனுபவமில்லாதவர் பெரிதாக வாங்குவோமே என்று 10 அங்குலத்தைக் கேட்பார். கணக்குப் பார்த்தால் மலைத்துப் போவார்.

2 அடி கனமுள்ள கட்டியில் 6 அங்குல ஓட்டை போட்டால் சுமார் 10 கிலோ பனியை வெளியே தள்ள வேண்டும். 8 அங்குலத்துக்கு 18 கிலோ. 10 அங்குலத்துக்கோ 28 கிலோ! இருபது ஓட்டை போடுகிறவர் 8 அங்குலத் துறப்பணத்தால் 360 கிலோ பனியை அள்ளுகிறார் என்று அர்த்தம். அத்தனையும் பெட்ரோலிலோ மின்கலத்திலோ இருந்து வர வேண்டிய சக்தி.

உள்ளங்கை அகலமுள்ள புளூகில், பெர்ச் போன்ற சிறு மீன்களுக்கு 6 அங்குலமே தாராளம். வால்ஐ என்ற மீன்தான் மின்னெசோட்டாக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதற்கு 8 அங்குலம் சரியாக இருக்கும். ஆள் நீளத்தில் பாதி இருக்கும் பைக் மீனையும் ஏரி டிரவுட்டையும் தேடுகிறவர்களுக்குத்தான் 10 அங்குலம் தேவை. அகல ஓட்டையில் குழந்தையின் கால் இறங்கிவிடலாம். விஸ்கான்சினில் தூண்டில் ஓட்டை 12 அங்குலத்தை மீறக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

பெட்ரோலா, மின்கலமா?

நெடுங்காலம் பெட்ரோல் யந்திரங்களின் ராஜ்யம்தான் நடந்தது. எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடலாம். எண்ணெய் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் பாரம் அதிகம். சத்தமும் புகையும் தாங்காது. சில வகைகளில் பெட்ரோலுடன் எண்ணெயைச் சரியான அளவில் கலந்து ஊற்ற வேண்டும். மார்ச்சில் மூலையில் போட்டுவிட்டு டிசம்பரில் எடுத்தால் பெரும்பாலும் கிளம்பாது. உள்ளே தங்கிய பெட்ரோல் பிசின் போல இறுகியிருக்கும். கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம் என்று அலுத்துக்கொள்ளாத பழைய மீன்பிடிப்பாளர் யாருமில்லை.

சிறிய சிலிண்டரில் அடைத்த புரொப்பேன் வாயுவில் ஓடும் வகையும் உண்டு. பிசின் தொல்லை இல்லை. கடுங்குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும் என்பதுதான் குறை.

2010க்குப் பிறகு வந்த லித்தியம் மின்கலத் துறப்பணங்கள் நிலைமையை மாற்றிவிட்டன. பொத்தானை அழுத்தினால் சுழலும். புகை கிடையாது. பல வகைகளில் பின்பக்கமாகவும் சுற்றலாம். குளிரில் மின்கலத்தின் பலம் குறைவது உண்மை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதைக் கோட்டுக்குள்ளோ, குளிர் புகாத பெட்டியிலோ வைத்துக் கொண்டு போய், வேலை நேரத்தில் மாட்டுகிறார்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது மின்னேற்றக் கூடாது. மின்கலம் நிரந்தரமாகக் கெட்டுவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைச்சூடு ஏறிய பிறகே ஏற்ற வேண்டும்.

இன்னும் சிக்கனம் தேடுகிறவர்கள், வீட்டில் சுவரைத் துளைக்க வைத்திருக்கும் கம்பியில்லாத் துளைப்பானிலேயே பனித் தண்டைப் பொருத்திக்கொள்கிறார்கள். பாரம் மிகக் குறைவு. 6 அங்குல ஓட்டைக்கு நல்ல யோசனை. ஆனால் துளைப்பான் பலமானதாக இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடி அவசியம். தண்டுக்கு மேலே ஓட்டையைவிட அகலமான ஒரு தட்டையும் மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்டு கழன்று ஏரிக்கு அடியில் போய்ச் சேரும். அந்தத் தட்டின் விலை அற்பம். அதை வாங்காமல் தண்டைப் பறிகொடுத்தவர்கள் அநேகம்.

அலகில் இருக்கிறது சூட்சுமம்

மோட்டார் எவ்வளவு பலமாக இருந்தாலும், நுனியிலுள்ள அலகு மழுங்கியிருந்தால் பயனில்லை. சீவுகிற அலகு தச்சரின் இழைப்புளி போல வேலை செய்யும். சுத்தமான கட்டியில் வெண்ணெயாக இறங்கும். கொத்துகிற அலகு கொஞ்சம் முரட்டுத்தனமானது. வேகம் குறைவு. ஆனால் நேற்றுப் போட்டு, ராத்திரி மீண்டும் உறைந்துபோன பழைய ஓட்டையைத் திறக்க அதுவே சரி. சீவுகிற அலகு அங்கே வழுக்கித் துள்ளும். மணல் பட்டால் எந்த அலகும் கெடும். கரையோரத்தில் தண்டைத் தரையில் ஊன்றுகிறவர் தம் காசைத்தான் ஊன்றுகிறார்.

துளைக்கும் முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேலே கிடக்கும் பனித்தூளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கால்களை அகட்டி உறுதியாக நிற்க வேண்டும். இரு கைகளாலும் பிடித்து, தண்டு சாயாமல் இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது, அலகே தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். அடியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும் கணம்தான் ஆபத்து. அலகு விளிம்பில் சிக்கினால் தண்டு நின்றுவிடும்; கைப்பிடி சுற்றும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கழுத்துத் துணியும் தொங்கும் கயிறுகளும் தண்டில் சுற்றிக்கொள்ளும் என்பதால், அவற்றை முதலிலேயே உள்ளே செருகிவிட வேண்டும்.

ஓட்டைக்குள் மிதக்கும் பனிக்கூழை எடுக்க, வடை அரிக்கும் கண் கரண்டி போன்ற ஒரு கரண்டி வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் யந்திரத்தைக் கூடாரத்துக்குள் வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றுவதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டே மயங்கி விழுந்துவிடுவார்கள். புரொப்பேன் யந்திரத்துக்கும் இது பொருந்தும்.

மிதந்து போன பனித் தளம்

2023 டிசம்பர் 29ந் தேதி. மின்னெசோட்டாவின் வடக்கே மேல் ரெட் ஏரியில் பலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்றிருந்த பனிக்கட்டி திடீரெனப் பிளந்து, கரையை விட்டு விலகி மிதக்க ஆரம்பித்தது! நூறு பேருக்கு மேல் நடு ஏரியில் அகப்பட்டுக்கொண்டார்கள். மீட்புப் படையினர் விரைந்து வந்து அவர்களைக் கரை சேர்த்தார்கள்.

நல்ல துறப்பணம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஏரியின் நடுவுக்கு ஓடுகிறவர்களைப் பற்றித்தான் அதிகாரிகளுக்குக் கவலை. நடந்து போக, தெளிவான புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும் என்று மின்னெசோட்டா இயற்கை வளத்துறை சொல்கிறது. சிறிய கார் போக 9, 10 அங்குலம் வேண்டும். பால் போல வெளுத்த கட்டியானால் இந்த அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் ஓர் அடி இருக்கும். ஊற்றோ ஓடையோ கலக்கும் இடத்தில் 2 அங்குலம்தான் இருக்கும். ஆகையால் 150 அடிக்கு ஒரு தடவையாவது துளைத்து அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். ஓட்டைக்குள் அளவுகோலை விட்டு, அடி விளிம்பில் கொக்கியை மாட்டினால் கனம் தெரிந்துவிடும்.

பருவத்தின் ஆரம்பத்தில் முதல் அடி எடுத்து வைக்கும்போது யந்திரத்தை நம்புவதில்லை. பழைய கடப்பாரைதான் முன்னே போகிறது. ஓங்கி ஒரு குத்து. ஒரே குத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கூர் ஆணி பதித்த இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தண்ணீரில் விழுந்தால் ஆணியைக் கட்டியில் குத்தி, ஊர்ந்து மேலே ஏறுவதற்கு!

விசைத் துறப்பணத்தின் வீரத்தை ஒருசேரப் பார்க்க வேண்டுமானால், மின்னெசோட்டாவில் பிரெய்னர்டு நகரத்துக்குப் பக்கத்திலுள்ள கல் ஏரிக்குப் போக வேண்டும். ஜனவரிக் கடைசியில் அங்கே நடக்கும் போட்டிக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். தொண்டர்கள் முன்கூட்டியே சுமார் 20,000 ஓட்டைகளைத் துளைத்து வைத்துவிடுகிறார்கள். போட்டி பகல் 12 மணி முதல் 3 மணி வரைதான். கூட்டம் கலைந்து, பொழுது சாய்வதற்குள் ஓட்டைகளின் மேல் கண்ணாடி போல ஏடு படியத் தொடங்கிவிடும்.