வீட்டுச் செலவும் நோயாளியின் தட்டும்: உணவின் தேவையை விலையும் வருமானமும் தீர்மானிக்கும் விதம்

"சோற்றைக் குறையுங்கள், காய்கறி, கீரை, பருப்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள்" என்பது நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் வழங்கப்படும் பொதுவான அறிவுரை. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டி வாரக் கூலி பெறும் ஒரு குடும்பம் இதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது அதன் முன் நிற்பது வேறொரு கணக்கு. குறைக்கச் சொல்லும் அரிசி, நியாய விலைக் கடையில் விலையின்றிக் கிடைக்கிறது. கூட்டச் சொல்லும் பொருள்களோ ஏறக்குறைய அனைத்தும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. உணவு முறையைப் பின்பற்ற இயலாதவரை மன உறுதி இல்லாதவர் என்று கருதும் வழக்கம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அது உண்மையன்று. ஒரு வீடு எந்த உணவை எவ்வளவு வாங்குகிறது என்பதற்குப் பொருளியலில் 'தேவை' என்று பெயர். அத்தேவை எவ்வாறு மாறுகிறது என்பதை அறிந்துகொண்டால், உங்கள் வீட்டு நோயாளிக்கு எப்போது, எந்த உணவு குறையும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும்.

வருமானம் உயரும்போது மாறுவது எது?

செருமானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்தார். வருமானம் குறைந்த குடும்பம் தன் செலவில் பெரும்பங்கை உணவுக்கே கொடுக்கிறது என்பதும், வருமானம் உயர உயர அப்பங்கு குறைகிறது என்பதும் அவர் கண்ட முடிவுகள். இந்தியாவிலும் அதுவே நிகழ்ந்துள்ளது. 1999-2000-இல் ஊரகக் குடும்பங்களின் மாதச் செலவில் 59.4 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு, 2022-23-ஆம் ஆண்டு வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 46.38 விழுக்காடாகக் குறைந்தது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது அந்த உணவுச் செலவுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை. ஊரக வீடுகளின் மொத்தச் செலவில் தானியங்களின் பங்கு இதே காலத்தில் ஏறத்தாழ 22 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பானங்களும் பதப்படுத்திய உணவுகளும் 9.62 விழுக்காட்டைப் பிடித்துள்ளன. அதாவது, அரிசிக்கும் கோதுமைக்கும் கொடுக்கும் காசைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இவற்றுக்குச் செல்கிறது. தானியத்தில் மிச்சமான பணம் முழுவதும் காய்கறிக்கும் பருப்புக்கும் சென்றுவிடவில்லை.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் பகுதியின் பழைய உணவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மானாவாரி நிலத்தில் விளைந்த கம்பும் சோளமுமே அங்கு அன்றாட உணவு. நெல்லுச்சோறு விசேட நாள்களுக்கு உரியது. கையில் காசு சேர்ந்தபோது மக்கள் அரிசிக்கு மாறினர். இவ்வாறு வருமானம் உயரும்போது தேவை குறையும் பொருள்களைப் பொருளியலார் 'தாழ்வகைப் பண்டங்கள்' என்பர். சத்துக் குறைந்தவை என்பது இதன் பொருளன்று. மக்கள் விலகிச் செல்லும் பொருள் என்பதே பொருள். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாப் பொருளானபின், ஏழை வீடுகளில் கம்புக்குத் திரும்பக் காரணமே இல்லாமற்போனது. இன்று அதே கம்பு, உறையிலிட்ட 'சிறுதானியம்' என்ற பெயரில் வசதியுள்ளோர் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: கம்பும் மாவுச்சத்துள்ள தானியமே. அளவு மிகுந்தால் அதனாலும் இரத்தச் சர்க்கரை உயரும். கடன்பட்டுச் சிறுதானியம் வாங்குவதைவிட, உண்ணும் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அதற்கு ஈடாகப் பருப்பும் கீரையும் சேர்ப்பது பயனுள்ளது.

விலை ஏறும்போது தட்டிலிருந்து முதலில் நீங்குவது எது?

விலை ஏறினாலும் சிலவற்றை வாங்கியே தீருவோம், உப்பு அத்தகையது. வேறு சிலவற்றை உடனே குறைப்போம். பழமும் காய்கறியும் அத்தகையவை. விலை மாற்றத்துக்கு ஏற்பத் தேவை எவ்வளவு அசைகிறது என்பதே 'தேவை நெகிழ்ச்சி'. பெரும்பாலான வீடுகளில் சோற்றின் தேவை எளிதில் அசைவதில்லை. பழம், காய்கறி, முட்டை, மீன் ஆகியவற்றின் தேவை அசைகிறது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு சென்னையின் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அத்தகைய வாரங்களில் குழம்பு நீர்த்துப்போகும். சோறு அதே அளவில் இருக்கும். நோயாளிக்கு இது எதிர்த்திசை மாற்றம்.

இதே நெகிழ்ச்சி நன்மைக்கும் உதவும். மெக்சிகோ நாடு 2014 ஜனவரியில் சர்க்கரை கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. அவ்வாண்டில் அவற்றின் விற்பனை சராசரியாக 6 விழுக்காடு குறைந்தது; வருமானம் குறைந்த வீடுகளில் 9 விழுக்காடு குறைந்தது. விலைக்கு மிகுதியாக அசைபவர்கள் ஏழைகளே என்பதை இது காட்டுகிறது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. வீட்டுச் செலவுக்கு இது ஆறுதல்தான். நீரிழிவு உள்ளவர் தேநீருடன் உண்ணும் பிஸ்கட் எண்ணிக்கைக்கு அன்று. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் கையில் இருக்கும் சில்லறைக்குப் பொருந்துவதால் மலிவாகத் தோன்றும். அதன் எடையைப் பார்த்துக் கிலோ விலையைக் கணக்கிட்டு, பொரிகடலையின் கிலோ விலையுடன் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூலி நாளுக்கு முந்தைய நாள்கள்: கவனம் தேவைப்படும் இடம்

விலையைவிடக் கூர்மையாக உணவைப் பாதிப்பது பணம் கைக்கு வரும் நாள். கூலி வாங்கிய அன்று மீனோ கறியோ இருக்கும். நாள்கள் செல்லச் செல்லத் தட்டு மெலியும். தறி நின்றுபோன வாரங்களிலும், பள்ளித் திறப்பு, ஆடித்தபசு போன்ற செலவு மிகும் காலங்களிலும் இது மேலும் கடுமையாகும். வீட்டில் கடைசியாக உண்பவர் பெரும்பாலும் தாய். நோயாளியும் அவரே என்றால், பற்றாக்குறை முழுவதும் அவர் தட்டில் வந்து விழுகிறது.

உணவு குறைகிறது, மாத்திரை குறைவதில்லை. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றைப் பயன்படுத்துவோர் வழக்கமான அளவில் மருந்தை எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வருமானம் குறைந்தோரிடையே தாழ்சர்க்கரைக்கான அனுமதிகள் மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 விழுக்காடு மிகுதியாக இருந்தன. வசதியுள்ளோரிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. நம் ஊரில் கடைசி வாரம் என்பது பலருக்குக் கூலி நாளுக்கு முந்தைய இரு நாள்கள்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடங்களில் சீராகவில்லை எனில் மீண்டும் கொடுங்கள். சீரானதும் உணவு கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் 108-ஐ அழையுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு இவ்வாபத்து மிகக் குறைவு. உணவு குறையும் நாள்களில் மருந்தை எவ்வாறு எடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உணவு போதாத நாள்கள் உண்டு என்பதை அவரிடம் சொல்வதில் தயக்கம் வேண்டாம். மருந்தின் வகையையும் அளவையும் முடிவு செய்ய அவருக்கு அச்செய்தி தேவை. நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

மிச்சமாகும் பணம் எங்கே செல்கிறது?

விலையில்லா அரிசி ஒருவகையில் பண உதவியே. மாதம் 20 கிலோ பெறும் வீடு, வெளிச் சந்தையில் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கூலி கைக்கு வந்த அன்றே பருப்பு, நிலக்கடலை, முட்டை, வெங்காயம் எனக் கெடாத பொருள்களாக மாற்றிவிட்டால், வாரக் கடைசியில் தட்டு அவ்வளவு மெலியாது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அதை வாங்காமல் விட வேண்டாம். அதே கடையில் சர்க்கரையும் கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலிவு என்பதற்காக ஒதுக்கீடு முழுவதையும் நோயாளி உள்ள வீடு உண்டு தீர்க்க வேண்டியதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மருந்துச் செலவும் உணவுடன் போட்டியிடும் செலவு. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளிலும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. காசநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு 'நிக்‌ஷய் போஷன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உணவுக்காகவே வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாய். தொகை வரவில்லை எனில், சிகிச்சை பெறும் மையத்தில் உங்கள் வங்கிக் கணக்கு விவரம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். உணவு, மருந்து பற்றிய ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.