256 கேபிபிஎஸ் காலத்துப் பஃபரும் ஃபைபர் லைனும்

நல்லூர்ப் பக்கம் ஃபைபர் இழுத்த வீடுகளில் ஒரு புகார் காதில் விழுகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்கு ஒரு பெரிய வீடியோவை ஏற்றினாலோ 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட மாட்டேன் என்கிறது. லைன்காரரைக் கூப்பிட்டால் அவரும் அதே ஸ்பீட் டெஸ்ட்டைக் காட்டிவிட்டுப் போகிறார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

இருபது வருடத்துக்கு முன் இப்படி ஒரு புகார் எழ வழியே இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதன்பின் பல வருடம் நமக்கெல்லாம் டயல்-அப் மோடமும் டவுனில் இருக்கும் பிரவுசிங் சென்டரும்தான் கதி. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது 256 கேபிபிஎஸ் என்பதே பெரிய வேகம். இங்கிருந்து ஒரு தகவல் அமெரிக்கா போய், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் திரும்ப ஏறக்குறைய கால் நொடி ஆகும். 256 கேபிபிஎஸ் லைனில் அந்தக் கால் நொடியில் போகக்கூடியது மொத்தமே 8,000 பைட். விண்டோஸ் 98 ஒவ்வொரு இணைப்புக்கும் ஒதுக்கிய பஃபரும் சுமார் 8 கேபிதான். லைனும் பஃபரும் ஒன்றுக்கொன்று அளவாக இருந்தன. படம் மெதுவாக ஏறினால் குறை லைனில்தான் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இந்தப் பஃபருக்கு என்ன வேலை? விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையிலிருந்து சென்னைக் கடைக்கு அகல் விளக்கு போகிறது என்று வையுங்கள். கடைக்காரர் தன் குடோனில் எத்தனை பெட்டிக்கு இடம் இருக்கிறதோ அத்தனைதான் அனுப்பச் சொல்வார். அவை வந்து சேர்ந்த தகவல் கிடைத்த பிறகே பட்டறையில் அடுத்த பெட்டியை ஏற்றுவார்கள். நடுவே நாலுவழிச் சாலை போட்டாலும் குடோன் சிறியதென்றால் லாரி நின்றுகொண்டுதான் இருக்கும். இணையத்தில் தகவலைக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற விதிமுறைப்படி நடக்கும் இணைப்பில் அந்தக் குடோன்தான் வாங்கும் பக்கத்து சாக்கெட் பஃபர். அனுப்பும் பக்கத்துக்கும் ஒரு பஃபர் வேண்டும்; பதில் வரும்வரை அனுப்பியதன் நகலை அது வைத்திருந்தாக வேண்டும். ஒரு இணைப்பின் உச்ச வேகம், பஃபர் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்தால் வருவது. அதற்கு மேல் ஒரு பைட்கூடப் போகாது.

64 கேபி பஃபரை வைத்துக்கொண்டு நல்லூரிலிருந்து கணக்குப் போடுவோம். சென்னை சர்வர் 10 மில்லிநொடியில் பதில் சொன்னால் 52 எம்பிபிஎஸ் வரை கிடைக்கும். சிங்கப்பூருக்கு 40 மில்லிநொடி என்றால் 13. அமெரிக்காவுக்கு 250 மில்லிநொடி என்றால் வெறும் 2. நம்மவர் பார்த்துத் தவித்த எண் இதுதான்! 100 எம்பிபிஎஸ் லைனை அமெரிக்கா வரை நிரப்ப வேண்டுமானால் சுமார் 31 லட்சம் பைட் பஃபர் வேண்டும்.

64 கேபி என்ற எல்லை 1981-ல் வந்தது. அந்த வருடம் எழுதிய டிசிபி விதிகளில் இந்த அளவைச் சொல்ல 16 பிட் இடம்தான் விட்டிருந்தார்கள். அதில் 65,535-க்கு மேல் எழுத முடியாது. 1992-ல் வான் ஜேக்கப்சன், பாப் பிரேடன், டேவ் போர்மன் மூவரும் ஆர்எஃப்சி 1323 என்ற விதி ஆவணத்தின் மூலம் அதை ஒரு ஜிபி வரை உயர்த்த வழி செய்தார்கள். ஆனாலும் பஃபரைப் பெரிதாக்குவது பல காலம் கைவேலையாகவே இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் புரோகிராமுக்குள்ளேயே ஒரு அளவை எழுதி வைத்தார்கள். அன்றைக்கு அது சரியான யோசனைதான்.

2006-ல் லினக்ஸும் 2007-ல் விண்டோஸ் விஸ்டாவும் இணைப்பின் தேவையைப் பார்த்துப் பஃபரைத் தாமே கூட்டிக் குறைக்கத் தொடங்கின. பல லினக்ஸ் கணினிகளில் அது 6 எம்பி வரை தானாக வளரும். புரோகிராம் தன் கையால் ஒரு அளவைச் சொல்லிவிட்டால் மட்டும் அந்த இணைப்புக்கு லினக்ஸ் இந்த வசதியை நிறுத்திவிடும். இன்னொரு கொடுமையும் உண்டு. கையால் கேட்பதற்குத் தனி வரம்பு; அது பெரும்பாலும் 2,12,992 பைட். 4 எம்பி கேட்டாலும் ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் அந்த வரம்புக்குள் வெட்டிவிடும். வேகம் கூடட்டும் என்று அன்று எழுதிய அந்த ஒற்றை வரி, இன்று ஃபைபரைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அதை நீக்கினாலே பல இடங்களில் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் பஃபரை ஊதிப் பெரிதாக்கலாமா? கூடாது. வீட்டு ரவுட்டரின் பஃபர் பெரிதாகி, அதில் காத்திருக்கும் தகவல்களின் வரிசை நீண்டுகொண்டே போனால், ஒருவர் வீடியோ ஏற்றும்போது இன்னொருவர் பேசும் வாட்ஸ்ஆப் கால் திக்கித் திணறும். 2010 வாக்கில் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயரிட்டு எச்சரித்தது இதைத்தான்.

இனி லைன்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். ஸ்பீட் டெஸ்ட் தளங்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர் சர்வரோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பஃபர் என்பதால் குறை வெளியே தெரியாது. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளைத் தூரத்துச் சர்வர் ஒன்றோடு முதலில் ஒரே இணைப்பில் ஓட்டுங்கள், பிறகு எட்டு இணைப்பில். இரண்டிலும் வேகம் ஒரேபோல் குறைவாக இருந்தால் லைனைச் சந்தேகிக்கலாம். எட்டில் நன்றாக ஏறினால், வழியில் பாக்கெட் தொலைகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பஃபர் அளவைத் தேடுங்கள்.