பாலைவன சுல்தானுக்கு ஒரு படை: சம்பளம் கடைமடைக்கு வந்துச்சா?

இந்த எபிசோட் ஒரு எக்செல் ஷீட்ல ஆரம்பிச்சது.

காலேஜ்ல என்கூடப் படிச்ச ஒருத்தன், வேலை முடிஞ்சு ராத்திரி ராத்திரியா ஒரு வீடியோ கேம் செஞ்சுக்கிட்டு இருக்கான். கதை நடக்கிற இடம் ஒரு கற்பனை சுல்தானகம். சுத்தி மணல், நடுவுல நாலு சோலை, ஒரு தலைநகரம். படையை எப்படி அமைக்கிறதுன்னு கேட்டு ஷீட்டை எனக்கு அனுப்பினான். முதல் வரியே, 'குதிரை வீரர்கள்: 2,00,000'.

நான் கேட்ட முதல் கேள்வி: "தண்ணிக்கு எங்கடா போவே?"

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு குதிரை ஒரு நாளைக்குச் சுமாரா 30 லிட்டர் குடிக்கும். வெயில்ல ஓடினா இன்னும் கூட. 2 லட்சம் குதிரைன்னா 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில 500 லோடு, தினமும். மனுஷங்களுக்கு இன்னும் ஒரு சொட்டு கூட நான் கணக்குல சேர்க்கல.

பேராவூரணிக்காரன்கிட்ட தண்ணிக் கணக்கை மறைக்க முடியாது. எங்க பக்கம் கல்லணைக் கால்வாயோட கடைமடை. மேட்டூர் அணை வந்த 1934-லதான் அந்தக் கால்வாயும் வந்துச்சு. அணையைத் திறந்ததும் எத்தனை ஆயிரம் கனஅடின்னு டிவியில ஓடும். அப்பா அதைப் பார்க்கவே மாட்டார். நம்ம வாய்க்கால்ல முட்டி அளவு வந்துச்சாங்கிறதுதான் அவருக்குக் கணக்கு. வழியில எத்தனை மதகு, எத்தனை ஷட்டர், எத்தனை பேர் 'கொஞ்சமா' திருப்பிக்கிட்டாங்க, அதெல்லாம் போக மிச்சம் எங்களுக்கு.

படையும் இதே சிக்கல்தான்னு எனக்குத் தோணுது. கஜானாவுல இருந்து கிளம்புற பணம், கடைசி வரிசையில நிக்கிற குதிரைக்காரன் கைக்கு எவ்வளவு வருது? இதை நான் புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே அனுபவிச்சிருக்கேன். என் முதல் வேலையில, எனக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஒரு ஏஜென்சி. கம்பெனி எனக்காக எவ்வளவு கொடுக்குதுன்னு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அந்த வாரமே ரெஸ்யூமே அப்டேட் பண்ணேன். வாள் மட்டும்தான் கையில இல்ல.

கற்பனை சுல்தானை அப்படியே ஓரமா உட்கார வெச்சுட்டு, நிஜமா இருந்த ஒரு சுல்தானகத்துக்குப் போவோம். டெல்லி.

1303-ல மங்கோலியர்கள் டெல்லியையே முற்றுகை போட்டாங்க. அலாவுதீன் கில்ஜி அப்போ சுல்தான். படையில பெரும்பகுதி வெளியூர்ல. மங்கோலியர்கள் ரெண்டு மாசம் மாதிரி நின்னுட்டுத் தானாத் திரும்பிப் போனாங்க. அவர் அதுக்கப்புறம்தான் வருஷம் முழுக்கத் தயாரா இருக்கிற பெரிய படை வேணும்னு முடிவு பண்ணதா ஜியாவுதீன் பரனி எழுதுறார். (பரனி பல வருஷம் கழிச்சு, 1357 வாக்குல எழுதினவர். அவருக்கும் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு. அதை மனசுல வெச்சுக்கிட்டே கேளுங்க.)

அதுக்கு முன்னாடி வழக்கம் என்னன்னா, 'இக்தா'. ஒரு தளபதிக்கு ஒரு வட்டாரத்தோட வரியை வசூல் பண்ற உரிமையைக் கொடுத்துடுவாங்க. அவர் அதுல குதிரைக்காரர்களை வெச்சுக் காப்பாத்தணும், கூப்பிட்டா அனுப்பணும். வீரனுக்குச் சோறு போடுறது தளபதி. அப்போ அவன் யார் ஆளு? சுல்தானோட ஆளா, தளபதியோட ஆளா? சண்டை சுல்தானுக்கும் தளபதிக்கும் நடுவுலயே வந்தா பதில் தெரிஞ்சுடும். வந்துச்சு, பல தடவை.

அலாவுதீன் நடு மதகை எல்லாம் எடுத்துட்டார். வீரனுக்குக் கஜானாவுல இருந்து நேரா பணம். பரனி சொல்ற தொகை, ஒரு குதிரை வெச்சிருக்கிற வீரனுக்கு வருஷத்துக்கு 234 டங்கா, ரெண்டாவது குதிரை இருந்தா மேல 78. இந்த வரியை எப்படிப் படிக்கிறதுன்னு வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா பணம் பணமாவே போச்சுங்கிறதுல சண்டை இல்ல.

பணம் நேராப் போனா உடனே திருட்டும் நேரா வரும். நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கிட்டு, அதை வித்துட்டு மட்டக் குதிரையில வர்றது. தனக்குப் பதிலா வேற ஆளை அனுப்புறது. ஒரே குதிரையை ரெண்டு பேர் காட்டுறது. அதுக்கு ரெண்டு ஏற்பாடு: குதிரைக்குச் சூடு போட்டு முத்திரை, அதுக்குப் பேர் 'தாக்'. வீரனோட முகம், அங்க அடையாளம் எழுதின பதிவேடு, அது 'ஹுலியா'. நம்ம ஊர் எஸ்எஸ்எல்சி சான்றிதழ்ல 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்'னு இருக்குமே, அதேதான். இதையெல்லாம் பார்த்துக்க 'திவான்-இ-அர்ஸ்'னு ஒரு துறை. படையைக் கூட்டி நிறுத்தி, பதிவேட்டோட ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் சம்பளம். டேட்டாபேஸ்ல டூப்ளிகேட் என்ட்ரி தேடின யாருக்கும் இந்த ஆபீஸ்ல வேலை செஞ்சவங்க மேல ஒரு பாசம் வரும்.

அடுத்த பிரச்சினை, சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தா அஞ்சாறு வருஷத்துல கஜானா காலி. அதனால விலையைக் கட்டிப் போட்டார். ஒரு மணங்கு கோதுமை 7½ ஜிட்டல், பார்லி 4, அரிசி 5. முதல் தரக் குதிரை 100-லிருந்து 120 டங்கா, அதாவது ஏறக்குறைய அரை வருஷச் சம்பளம். சந்தைக்கு மாலிக் கபூல்னு ஒரு கண்காணிப்பாளர். எடை குறைச்சா கடைக்காரன் உடம்புல இருந்து அந்த எடைக்குச் சதையை அறுத்ததா பரனி எழுதுறார்.

இணையத்துல இதைப் பேசுறவங்க பலர் 'என்னா ஒரு நிர்வாகம்!'னு முடிச்சுடுவாங்க. நான் டெல்டாக்காரன், எனக்கு அப்படி முடிக்க வராது. அந்த மலிவு தானியம் எங்கிருந்து வந்துச்சு? கங்கை-யமுனைக்கு நடுவுல இருக்கிற விவசாயிகிட்ட விளைச்சல்ல பாதி வரி. மிச்சத்தையும் வீட்டுல பதுக்கக் கூடாது, வயல்லயே குறிச்ச விலைக்கு வித்துடணும். வீரனுக்குக் கடைமடை வரைக்கும் தண்ணி வந்துச்சு, சரி. எடுத்தது இன்னொருத்தன் வயல்ல இருந்து. நண்பனோட ஷீட்ல விவசாயிக்கு ஒரு காலம்கூட இல்லைங்கிறதையும் அப்போதான் கவனிச்சேன்.

படையோட அடுக்கை வேகமாச் சொல்லிடுறேன், ஏன்னா அது காகிதத்துல அழகா இருக்கும்: 10 பேருக்கு ஒரு சர்-கைல், 10 சர்-கைலுக்கு ஒரு சிப்பாசாலார், 10 சிப்பாசாலாருக்கு ஒரு அமீர், அப்படியே மாலிக், கான். கேமுக்கு இது போதும். நிஜத்துல இவ்வளவு சுத்தமா எந்தப் படையும் இருந்திருக்காது.

குதிரைன்னதும் நம்ம பக்கம் ஒரு நிமிஷம் வந்துட்டுப் போவோம். இதே காலத்துல அரேபியா, பாரசீகக் கரையில இருந்து பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலா குதிரை வந்துச்சு, காயல் துறைமுகத்துக்கு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இந்தப் பக்கத்தையும் மத்த துறைமுகங்களையும் சேர்த்து வருஷத்துக்கு 10,000-ன்னு எழுதுறார். வந்த குதிரையில பெரும்பாலானது சீக்கிரமே செத்துடும்னு மார்கோ போலோ சொல்றார். லாடம் அடிக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது, தீனியா வேக வெச்ச சோறு. பாலைவனத்துக் குதிரைக்குச் சோத்தைப் போட்டுப் பாசம் காட்டியிருக்கோம்! மாலிக் கஃபூர் 1311-ல தெற்கே மதுரை வரைக்கும் வந்தப்போ எதிர்ல நின்ன பாண்டியர் பக்கம் இந்த நிலைமை.

இப்போ நிஜப் பாலைவனம். 1351-ல பதவிக்கு வந்த ஃபிரோஸ் ஷா துக்ளக், அலாவுதீன் கட்டினதைத் திருப்பிப் போட்டார். வீரர்களுக்குப் பணத்துக்குப் பதிலா கிராம வரி. அதுவும் அப்பனுக்கு அப்புறம் பிள்ளைக்கு. கிராமம் கிடைக்காதவங்களுக்கு வரிச் சீட்டு. மாவட்டத்துக்குப் போய்க் காட்டி வாங்கிக்கணும். ஆஃபிஃப்ங்கிறவர் எழுதுறார்: டெல்லியிலேயே தரகர்கள் அந்தச் சீட்டை மூணுல ஒரு பங்கு விலைக்கு வாங்கிக்குவாங்க, வெளியூர்ல போய்ப் பாதியை வசூல் பண்ணிக்குவாங்க. 100 டங்கா சம்பளம்னு எழுதியிருக்கும், வீரன் கையில 33.

அவரே சொல்ற இன்னொரு கதை. ஒரு வீரன் தன் குதிரை ஆய்வுல தேறலைன்னு புலம்புறதை சுல்தானே கேட்டுடுறார். என்ன வேணும்? கிளார்க்குக்கு ஒரு தங்க டங்கா கொடுத்தா தேறிடும்னு சொல்றான். சுல்தான் கையை விட்டு ஒரு தங்க டங்காவை எடுத்துக் கொடுத்தார். லஞ்சத்துக்கு, தன் ஆபீஸுக்கே! இதை அவரோட கருணைக்கு உதாரணமாத்தான் ஆஃபிஃப் எழுதி வெச்சிருக்கார்.

1360-கள்ல இந்தப் படையோட சிந்துவுல தட்டா மேல போனார். முடியல. குஜராத் பக்கம் பின்வாங்குறப்போ வழிகாட்டிகள் கட்ச் உப்புப் பாலையில கொண்டு போய் மாட்டி விட்டாங்க. கண்ணுக்கு எட்டின வரைக்கும் உப்பு. தண்ணி இல்ல, தானியம் இல்ல, குதிரைகள் செத்து விழுந்துச்சு, மாசக்கணக்கா டெல்லிக்குச் சேதியே இல்ல. டெல்லியில அமைச்சரா இருந்த கான்-இ-ஜஹான், தெலுங்கு நாட்டுல பிறந்தவர், 'சுல்தான் நலம்'னு கடிதம் வந்ததா சும்மாவே ஊருக்கு அறிவிச்சு நகரத்தை அமைதியா வெச்சிருந்தார். குஜராத்துல வந்து படையைத் தேத்தி, பணம் கொடுத்து, மறுபடியும் தட்டாவுக்குக் கிளம்புன்னதும், பல பேர் கொடுத்த தளவாடத்தோடயே வீட்டுக்கு நடையைக் கட்டிட்டாங்க.

எனக்கு அவங்க மேல கோபமே வரல.

இதையெல்லாம் நண்பனுக்கு ஒரு நீளமான வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். ஷீட் மாறிடுச்சு. குதிரை 12,000, தண்ணி தினம் 30 லோடு, ஒவ்வொரு கிணத்துக்கும் கொள்ளளவு. சம்பளத்துக்கு ரெண்டு காலம்: 'கொடுத்தது', 'கிடைத்தது'. விவசாயிக்கும் ஒரு வரி வந்திருக்கு. நேத்து ராத்திரி ஓட்டிப் பார்த்திருக்கான். மூணாவது கிணறு தாண்டுறதுக்குள்ள பாதிப் படை காணோமாம். பக்னு நினைச்சுக் கோடை வரி வரியாத் தேடிக்கிட்டு இருக்கான். நான் இன்னும் எதுவும் சொல்லல. எபிசோட் வந்ததும் கேட்டுப்பான்.